ஒரு கட்டம் மேலே ஏறிய அட்டவணை

வாசலில் நின்ற பெண்ணைக் கமாலுதீன் முன்பின் பார்த்ததில்லை. அவள் கையில் அவன் தயாரித்த சிடி இருந்தது. உறையில் ‘சவூதி போறவங்களுக்கு அரபி’ என்ற தலைப்பு, கீழே அவன் பெயர்.

“இது நீங்க போட்டதுதானே?”

“ஆமாம்மா. உள்ள வாங்க.”

“உக்கார வரல. இத மனப்பாடம் பண்ணிட்டுப் போன எம் புருஷன் வேலை போயி கேம்ப்ல கெடக்கிறாரு.”

உடையார்பாளையத்து வீராயி அவள். கணவன் தங்கராசு ரியாத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். வயிற்று வலி தாங்காமல் சூப்பர்வைசரிடம் போய், படித்து வைத்திருந்ததைச் சொன்னான். அந்த ஆள் அப்போதே வேலையாள் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டான்.

கமாலுதீன் ரியாத்தில் டிரைவராக இருந்தவன். முதுகு போனதும் லப்பைக்குடிக்காட்டுக்கே திரும்பி, வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த சிடியில் உள்ள மின்புத்தகத்தை அடித்தான். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தமிழ் எழுத்தில் அரபி. முதலில் இடைவெளி தட்டித் தட்டித்தான் வரிசைப்படுத்தினான். வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் கோணிக்கொண்டது. பிறகு கோடு போட்ட அட்டவணை அமைக்கக் கற்றுக்கொண்டான். சிடி போடும் வேலையை மட்டும் அக்கா புருஷன் யாசீனிடம் கொடுத்தான். யாசீன் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். விசா ஏற்பாடும் செய்வான்.

வீராயியை நிற்கவைத்தே அந்த சிடியைப் போட்டுப் பார்த்தான். ‘உடம்பு சரியில்லை’ என்பதற்கு எதிரே ‘ஷுகல் கலாஸ்’ என்றிருந்தது. வேலை முடிந்தது என்று அர்த்தம். மேலே தேடினான். ‘என் பாஸ்போர்ட்டைக் கொடுங்க’ என்ற வரியைக் காணவில்லை. அதற்குக் கீழே இருந்த தமிழ் வரிகள் எல்லாம் ஒரு கட்டம் மேலே ஏறியிருந்தன. அரபி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த பஸ்ஸில் பெரம்பலூர் போய் இறங்கினான்.

“பாஸ்போர்ட் வரிய எடுத்தது யாரு?”

யாசீன் நிமிரக்கூட இல்லை. “நான்தான். அங்க போனா பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சுக்குவாங்கன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட விசாவுக்கு வருவான்?”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எடுத்ததுதான் எடுத்தீங்க, அரபியையும் சேத்து எடுக்கக் கூடாதா? தமிழ மட்டும் அழிச்சதுல கீழ உள்ளது பூரா மாறிப் போச்சு. ஒருத்தன் நோவுன்னு சொல்றதா நெனச்சு, வேல முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கான்.”

“வயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னா எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். அவன் சாமர்த்தியம் அவ்வளவுதான்.”

“மிச்ச சிடியக் கொடுங்க.”

“என் செலவுல போட்டது. தர மாட்டேன். இனிமே எங்க வூட்டுப் படி ஏறாத. ஒங்கக்காவும் அங்க வர மாட்டா.”

“பொழைக்கப் போறவன் வாயில மண்ணப் போட்டுட்டீங்க” என்றான் கமாலுதீன். மச்சான் என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.

அட்டவணையை முதல் வரியிலிருந்து மறுபடி சரிபார்த்தான். பாஸ்போர்ட் வரியைப் பழைய இடத்தில் வைத்தான். யாரும் கை வைக்க முடியாதபடி பக்கங்களைப் படமாக மாற்றி, அரியலூரில் சிடி போட்டான். யாசீன் கடைக்கு எதிரே நின்று, விசா கேட்டு வந்தவர்களிடம் புது சிடியைத் தன் கையாலேயே கொடுத்தான். யாசீன் வெளியே வந்து காறித் துப்பிவிட்டு உள்ளே போனான்.

ரியாத்தில் பழைய சிநேகிதர்களைப் பிடித்து, தங்கராசுக்கு வண்டி கழுவும் வேலை ஒன்று ஏற்பாடு செய்தான். அதைச் சொல்ல வீராயிக்குப் போன் போட்டான்.

“கொத்து வேலைக்குன்னு போன மனுஷன்” என்றாள் அவள். “இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க.”

அந்தப் பெருநாளைக்கு அக்கா வரவில்லை.