மரங்கொத்தியின் ஒற்றைப் பிரதி

பத்திரிகைக் கட்டின் சணல் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் தபால் அதிகாரி மிஸ்டர் லோவெட் அதை டிரூசில்லா பக்கமே தள்ளிவிட்டார்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு சென்ட் தபால்தலை ஒட்டிட்டு வா, பொண்ணே."

"எடை போடுங்க மிஸ்டர் லோவெட். பத்திரிகைன்னா பவுண்டுக்கு ரெண்டு சென்ட்தானே?"

"பத்திரிகைன்னா."

அந்த ஒற்றைச் சொல்லில் டிரூசில்லாவுக்குக் காது மடல்வரை சுட்டது. பதினாறு வயதில் 'மரங்கொத்தி' என்ற நாலு பக்கப் பத்திரிகையின் ஆசிரியர், அச்சுக் கோப்பவர், மை பூசுபவர் எல்லாம் அவளே. கைப்பெட்டி அளவு அச்சு இயந்திரம், ஒரு தட்டு அச்சு எழுத்து, அவ்வளவுதான் அச்சகம். தொண்ணூற்றிரண்டு பிரதியும் சேர்ந்து ஒரு பவுண்டு தேறாது. தலை ஒட்டினால் தொண்ணூற்றிரண்டு சென்ட். சட்டைக் காலர் தைக்கும் அம்மாவுக்கு அது இரண்டு நாள் கூலி.

சட்டம் சந்தாதாரர் பட்டியல் கேட்கிறது என்று ஏப்ரலில் லோவெட் சொன்னார். எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கேதான் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பரிமாற்றம்' என்று அழகாக எழுதியிருந்தாள், பெருமையாக. மெய்னிலிருந்து கலிபோர்னியாவரை இப்படி அச்சடிக்கும் பிள்ளைகள் யாரும் பத்திரிகையை விற்பதில்லை. உன்னுடையதை அனுப்பு, என்னுடையதை அனுப்புகிறேன், அதுதான் வழக்கம். காசு வாங்குபவனைக் கடைக்காரன் என்று கேலி செய்வார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. தொடர்ந்து மூன்று இதழ் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ஏப்ரல் இதழ் போகவில்லை. மே இதழும் போகவில்லை. கையில் இருப்பது ஜூன்.

"ஒருத்தராவது காசு குடுத்திருக்காங்களா? குடுக்கலேல்ல? அப்ப அது சந்தா இல்ல. விளையாட்டு," என்றார் லோவெட்.

மளிகைக் கடையின் ஒரு மூலைதான் அந்த ஊர்த் தபால் நிலையம். பாலாடைக்கட்டி வெட்டிய கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு லோவெட் அடுத்த கட்டைத் தராசில் தூக்கி வைத்தார். டாக்டர் ட்விட்செல்லின் 'இல்லற நண்பன்'. எட்டுப் பக்கமும் அவருடைய கல்லீரல் டானிக்கின் புகழ்தான். முன்பக்கத்தில் தாடியோடு அவர் படம். எடை பார்த்தார், குறித்தார், சாக்கில் போட்டார். ஒரு கேள்வி இல்லை.

"அதுக்கு யாரு காசு குடுத்தாங்க?" என்றாள் டிரூசில்லா.

"டாக்டர் பட்டியல் குடுத்திருக்காரு. ஆயிரத்து நானூறு பேரு."

"அதுல எங்கப்பா பேரும் இருக்கு. மாசா மாசம் வருது. எங்கப்பா செத்து மூணு வருஷமாச்சு மிஸ்டர் லோவெட். அவரு எந்தக் கையால சந்தா கட்டினாரு?"

மண்ணெண்ணெய் வாங்க வந்திருந்த ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். லோவெட்டின் முகம் சிவந்தது. "மேலிடத்துல போய்க் கேளு. நான் எடை போடுறவன்தான்."

வீட்டுக்கு வந்து கட்டை மேசைமேல் போட்டாள். அம்மா ஊசியை நிறுத்தவில்லை.

"ஏண்டி, பரிமாற்றம்ங்கிறதை விட்டுட்டு சந்தான்னு எழுதினா உன் கை ஒடிஞ்சா போயிரும்? ஊரே புளுகுது."

"அந்த டாக்டர் புளுகுறான்னுதாம்மா எரியுது. நானும் அதையே பண்ணவா?"

"அப்ப எரி. காசு இல்ல."

அம்மா சொன்னதும் நியாயம்தான். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. சமையலறையில் அடுப்புப் பற்ற வைக்கக் கிழித்த 'இல்லற நண்பன்' கிடந்தது. தாடி பாதி, டானிக் பாதி. ஊருக்கு வெளியே அவளைத் தெரிந்த தொண்ணூற்றிரண்டு பேர் இருக்கிறார்கள். அவள் கதையைத் திட்டியவர்கள், அவள் தலையங்கத்துக்குப் பதில் எழுதியவர்கள். மளிகைக் கடை மூலையில் ஒரு மனிதர் அவர்களிடம் போகும் வாசலைச் சாத்துகிறார், கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். அவளுக்கு அழுகை வரவில்லை. அடுப்புக் கரண்டியை எடுத்து எதையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. கரண்டிக்குப் பதில் எழுத்துத் தட்டை இழுத்தாள்.

ஒரே ஒரு பிரதி. அதன் கடைசிப் பக்கத்தோடு ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, தொண்ணூற்றிரண்டு பெயரும் ஊரும் வரிசையாக. மேலே: 'நாங்கள் பத்திரிகை இல்லையாம். படித்துவிட்டு அடுத்த பெயருக்கு அனுப்புங்கள்.' கையால் எழுதினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அச்சுத்தாளில் ஒரு வரி கைப்பட எழுதினாலும் கடித விலைதான், அதுவும் லோவெட்டின் சட்டம்தான். கோத்தாள். பதினாறு பெயருக்குமேல் எழுத்து போதவில்லை. அடித்து, கலைத்து, மறுபடி கோத்து, அதே தாளை ஆறுமுறை இயந்திரத்தில் கொடுத்தாள். சனிக்கிழமை முழுக்கப் போனது.

திங்கட்கிழமை காலை அதை உறையிட்டு, உள்ளே பார்க்க வசதியாகச் சட்டப்படி இரண்டு முனையும் திறந்து வைத்து, ஒற்றைச் சென்ட் தபால்தலை ஒட்டி நீட்டினாள்.

லோவெட் உருவிப் பிரித்தார். பெயர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கே. கடித விலை. மூணு சென்ட்."

"எழுதலை. தடவிப் பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். முந்தாநாள் அடித்த கெட்டி மை, இன்னும் முழுதாகக் காயவில்லை. அச்சுதான். ஒரு பெயர் கொஞ்சம் மங்கியது, படிக்க முடிந்தது. பெயர்களை மேலிருந்து கீழ்வரை எண்ணிப் பார்த்தார்.

"ஒவ்வொருத்தரும் ஒரு வாரம் வெச்சுக்கிட்டாலே, கடைசி ஆளுக்குப் போறப்ப ரெண்டு வருஷம் ஆயிரும்," என்றார்.

"தெரியும். அதுக்குள்ள தொண்ணூத்தி ரெண்டு தபால் ஆபீஸ் இதைப் படிச்சிருக்கும்."

மூன்றாம் இதழ் வராத கணக்கில் எத்தனை பேர் அவள் பெயரை அடித்துவிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். பிரதியைச் சாக்கில் போட்டார். பிறகு, பழக்க தோஷத்தில், டாக்டரின் அடுத்த கட்டைத் தூக்கித் தராசில் வைத்தார். கையை எடுத்தபோது மேல்தாளில், டாக்டரின் தாடிக்குச் சற்று மேலே, வாய் இருக்கும் இடத்தில், கறுப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.