அர்த்தநாரியின் வயிறும் பாதி பர்கரும்

செவ்வாய்க்கிழமை காலையில் அர்த்தநாரியின் வயிறு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனது. வேட்டி கட்டிக்கொண்டு, மஞ்சள் பையில் துண்டும் பல்பொடியும் எடுத்து வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனது. ஈரோட்டில் அந்த மாதம் நிறைய வீடுகளில் இதே கதைதான். அதனால் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காரணம் சம்பூரணத்தின் பர்கர்.

புருஷனும் பெண்டாட்டியுமாகப் பெருந்துறை ரோட்டில் பேக்கரி நடத்தினார்கள். சுடுவது சம்பூரணம், சுட்டதைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவது அர்த்தநாரி. மதியம் எங்கிருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். அவனுக்குச் சோறு வேண்டாம், குழம்பு வேண்டாம். அவள் கையால் ஒரு பர்கர், அவ்வளவுதான். அதைத் தின்று தின்று அவன் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பதவி விலகின.

"கலோரியைப் பாதியாக் கொறைங்க. ஆனா திருப்தியாச் சாப்பிடணும்" என்றார் டாக்டர். அப்போது அவர் ஸ்டெதாஸ்கோப்பை மேசைமேல் வைத்து அதன் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். மேசை நன்றாக இருந்தது.

சம்பூரணம் அசரவில்லை. அடுப்பு விஷயத்தில் அவள் என்றைக்கும் அசந்ததில்லை. மைதா பன்னுக்குப் பதில் ராகி பன். எண்ணெயில் பொரிக்காமல் தோசைக்கல்லில் சுட்ட காளான் வடை. மயோனைசுக்குப் பதில் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர், அதில் மிளகுத்தூள். வாயில் வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அர்த்தநாரியும் குறை சொல்லவில்லை. அவன் வயிறுதான் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியது, பிறகு போயே போய்விட்டது.

போனது போகட்டும், பசித்தால் தானாகத் திரும்பும் என்று அவள் நினைத்தாள். அங்கேதான் கணக்குத் தப்பியது. வயிறு போனதும் அர்த்தநாரிக்குப் பசி போய்விட்டது. பசி போனதும் மதியம் வீட்டுக்கு வருவது நின்றது. கொஞ்ச நாளில் வீடு எந்தத் தெரு என்பதே அவனுக்குத் தடுமாறியது. சட்டை நடுவில் காற்று புகுந்து படபடக்க, பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனான். ஒரு நாள் அவள் நீட்டிய பன்னைத் தின்றுவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துதுங்க" என்று கும்பிட்டான்.

கட்டிய பெண்டாட்டியைக் கும்பிட்டான். சம்பூரணத்துக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, நாலு பர்கர் செய்து டிபன் கேரியரில் அடுக்கினாள். இவனை விட்டால் நாளைக்கு வேறு யார் வீட்டு வாசலிலோ நின்று நலம் விசாரிப்பான். அதை அவளால் தாங்க முடியாது.

கோபித்துக்கொண்டு போன வயிறுகள் எங்கே இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும், அவ்வளவு அகலம்தான். வாசலில் மண்டப மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

"பொண்ணு வீடுங்களா, மாப்ள வீடுங்களா?"

"வயித்து வீடுங்க."

"முகூர்த்தம் முடிஞ்சிருச்சுங்க."

"எப்போ?"

"இன்னும் ஆரம்பிக்கலீங்க. உள்ள போங்க, பந்தி ஓடிட்டு இருக்குது."

உள்ளே பந்திக்கூடம் நீண்டுகொண்டே போனது. அவள் நடக்க நடக்க அதுவும் நடந்தது. இரண்டு பக்கமும் வாழை இலை போட்டு வயிறுகள் உட்கார்ந்திருந்தன. நடுத்தர வயது வயிறுகள், கல்லூரி வயிறுகள், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் வயிறு. வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுகிறவர்கள் ஓடினார்கள். இலையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, ஊற்றிக்கொண்டே ஓடினார்கள். பாயசத்தின் மேல் ரசம் விழுந்தது. எந்த வயிறும் ஒன்றும் சொல்லவில்லை.

அர்த்தநாரியின் வயிறு தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது.

"வீட்டுக்குப் போலாமுங்க" என்றாள் சம்பூரணம்.

"எப்படி அம்மிணி வாரது? எலைய மடிக்காம எந்திரிச்சா மரியாதையா இருக்குமா?"

"மடிச்சுட்டு வாங்க."

"நெறஞ்சு ரொம்புனாத்தான மடிக்கறது. இங்க வந்ததுல இருந்து திங்கறேன். ரொம்பவே மாட்டீங்குது."

அவள் கேரியரைத் திறந்து ஒரு பர்கரை இலையில் வைத்தாள். வயிறு அதை எடுத்துச் சாப்பிட்டது, பக்கத்து இலையைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது.

"நல்லாத்தான் இருக்குது. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

"அதான்" என்றது வயிறு. ஒருவர் வந்து அதன் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டு ஓடினார்.

இன்னொருத்தியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பாள். சம்பூரணம் தூணில் சாய்ந்து யோசித்தாள். பன்னில் தப்பில்லை. காளானில் தப்பில்லை. தயிர் பேசவே வேண்டாம். எதிரே வாளிக்காரர்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மண்டபத்தில் எல்லாம் இருந்தது, கேட்பதற்குத்தான் நாதியில்லை. அவள் பேக்கரியிலும் அதே கூத்துதான். பர்கரை முழுசாகக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தால் தீர்ந்தது சோலி. தின்று முடித்தவனை நிமிர்ந்து பார்த்து, போதுமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த ஊர் வயிறு, அதுவும் சொந்தக்கார வயிறு, கேட்காமல் எப்படி நிறையும்?

இரண்டாவது பர்கரை நாலாக நறுக்கினாள். ஒரு துண்டை வைத்துவிட்டுப் பந்தியின் கடைசி வரை காலாற நடந்தாள். கூடம் அவளுக்காகக் கொஞ்சம் நீண்டு கொடுத்தது. திரும்பி வந்து குனிந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?"

வயிறு தலையை உயர்த்தியது. அதன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "வெய்யி அம்மிணி, வெய்யி."

இரண்டாவது துண்டு. மறுபடி ஒரு நடை. வேண்டுமென்றே மெதுவாகப் போனாள், வழியில் தாசில்தார் வயிற்றிடம் சௌக்கியம் விசாரித்தாள், திரும்பி வந்தாள்.

"இன்னுங் கொஞ்சம்?"

"போதும் அம்மிணி."

"அட, இத்துனூண்டு. எனக்காக."

"ஐயோ, வேண்டாஞ் சாமி!"

அவள் பக்கவாட்டில் துண்டை நைசாகத் தள்ளப் பார்த்தாள். வயிறு இரண்டு கையையும் இலைமேல் விரித்து, குப்புறக் கவிழ்ந்து, உயிரைக் கொடுத்துத் தடுத்தது. சிரிப்பில் அது குலுங்கியது. நிமிர்ந்தபோது ஒரு பெரிய ஏப்பம் வந்தது. மண்டபத்தில் அன்று கேட்ட முதல் ஏப்பம் அதுதான். பிறகு இலையைத் தன் பக்கமாக, உறவு விட்டுப்போகாத மாதிரி, மடித்தது.

சம்பூரணம் கேரியரைப் பார்த்தாள். நறுக்கிய பர்கரில், டாக்டர் குறைக்கச் சொன்ன பாதி அப்படியே மிச்சம் இருந்தது.

"அம்மிணி, இங்கயும் வந்து ஒரு வார்த்த கேளுங்க" என்று தாசில்தார் வயிறு கூப்பிட்டது. அவள் கேட்டாள். அடுத்த இலையிலும் கேட்டாள். மீதி பர்கர்களை நறுக்கி நறுக்கிக் கேட்டாள். இலைகள் மடங்கிக்கொண்டே போயின. வாசலில் மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பந்தியே எந்திரிச்சிருச்சுங்களே! இனிக் கல்யாணத்த என்ன பண்றது?"

"பண்ணி வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வயிறு பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டது.

அவர்கள் பேக்கரிக்கு வந்து சேர்ந்தபோது அர்த்தநாரி அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தான். வழக்கம்போல வண்டியை நிறுத்தினான்.

"நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கறேன். உள்ள வந்துட்டுப் போங்க."

"இவரு யாருங்க?"

"தெரிஞ்சவங்கதான்" என்றது வயிறு. அவன் சட்டையின் நடுப் பொத்தானைக் கழற்றியது, செருப்பை வெளியே விட்டது, தலையைக் குனிந்து சட்டைக்குள் போனது. அர்த்தநாரி இரண்டு தரம் இருமினான். பொத்தானைப் போட்டுக்கொள்ளப் பார்த்தான், எட்டவில்லை.

சம்பூரணம் பெஞ்சைத் துடைத்து அவனை உட்கார வைத்தாள். புதிதாக ஒரு பர்கர் சுட்டு, நாலாக நறுக்கி, ஒரு துண்டைத் தட்டில் வைத்தாள். அவன் மென்றான். ரோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தின்றுவிட்டு மறுபடி கும்பிட்டுவிடுவானோ என்று அவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்றாள்.

அர்த்தநாரி முகத்தைச் சுளித்தான்.

"என்ன புள்ள, உப்பே பத்துல?"

ஊரில் வேறு எவனாவது அவள் பர்கரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பாள். சம்பூரணத்துக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அதற்காக உப்பு டப்பாவை அவள் எடுக்கவில்லை.

"எல்லாம் அளவாத்தான் இருக்குது. பேசாமத் தின்னுங்க" என்றாள்.