தண்ணீரை மறிக்க முன்

எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. கோப்பாயில் கிணறும் வாய்க்காலும்தான். ஆனாலும் ஆற்றைப் பற்றிச் சொல்ல நடராசா சித்தப்பாவிடம் நிறைய இருந்தது.

நுவரெலியா போகிற வழியில் கித்துல்கலவில் ஆற்றங்கரையோரம் வான் வண்டியை நிறுத்தினோம். அடுத்த கிழமை எனக்குப் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் கல்யாணம் வரை பெண் வாசலைத் தாண்டக்கூடாது. அதற்குப் பிறகு எப்படி என்று வரப்போகும் மாமியார் பத்மாசினி சம்பந்தம் பேச வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "எங்கடை வீட்டை வாற பிள்ளை ஊர் சுத்தித் திரியக்கூடாது." மாப்பிள்ளை பிரணவன் பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்தார். ஒரு சொல் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரப்பர் படகில் ஏற வேண்டும் என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவர் ஆற்றை எட்டிப் பார்த்தார். கல்லெல்லாம் வெளியே தெரிந்தது.

"மழையே இல்லை. முழங்கால் தண்ணியும் வராது. உதிலை என்ன பயம்? போட்டு வா."

கோப்பாயில் தோட்டம் செய்கிறவரின் கணக்கு அது. மழை இல்லையென்றால் வெள்ளம் இல்லை. மேலே அணை இருப்பதும், மின்சாரம் எடுக்கும்போது தண்ணீரைத் திறந்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் படகுக்காரரிடம் ஓடினேன்.

லைஃப் ஜக்கெற்றைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே, கொளுத்துகிற வெயிலில் ஆறு ஏறத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கக் கல்லெல்லாம் மறைந்தது. சித்தப்பா இரைச்சலுக்கு மேலால் கத்தினார்.

"பிரதீபா, இஞ்சாலை வா. உனக்கென்ன விசரே?"

"நீங்கள்தானே சித்தப்பா ஓம் எண்டனீங்கள்."

"அது அப்ப. ஏறினியெண்டால் சம்பந்தம் முறியும். இப்பவே மாமிக்குப் போன் எடுக்கிறன்."

"எடுங்கோ."

படகு வழிகாட்டி டினேஸ் மலையகத்துக்காரர். "தண்ணி வந்திருச்சு, ஏறுங்க," என்றார். படகில் முன்னுக்கே போய்க் குந்தினேன்.

முதல் பாய்ச்சலில் பயத்தில் கத்தினேன், பொய் சொல்லவில்லை. அடுத்ததில் படகு சரிந்து நான் தண்ணீருக்குள் போனேன். மூக்கு, வாய் எல்லாம் ஆறு. டினேஸ் ஜக்கெற்றில் பிடித்து என்னை உள்ளே இழுத்துப் போட்டார். துடுப்பு என் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கீழ்க்கரையில் சித்தப்பா வானோடு வந்து நின்றார். கையில் போன். திரையில் மாமி, பக்கத்தில் பிரணவன்.

"இந்தா, மன்னிப்புக் கேள்."

ஈரக் கையால் வாங்கினேன்.

"என்ன கோலம் பிள்ளை இது?" என்றார் மாமி.

"மாமி, கொஞ்சம் பொறுங்கோ. பிரணவன், சம்பந்தம் முறியிறதெண்டால் அதை நீங்கள் சொல்லுங்கோ, அம்மா வேண்டாம். அணையிலை தண்ணியை மறிக்க முந்தி நான் இன்னொருக்கால் ஏறப்போறன். திரும்பி வரேக்கை எனக்குப் பதில் வேணும்."

போனைச் சித்தப்பாவின் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, படகை மேலே கொண்டுபோகும் லொறியில் ஏறினேன்.