இடப்பக்கம் இறங்கிய பாவாடை

சண்முகவள்ளி வாயைத் திறந்தால் வடமதுரைச் சந்தையே திரும்பிப் பார்க்கும். அன்று திண்டுக்கல் கடைவீதி பார்த்தது. ஏழு வயது மகள் பொன்னழகுக்குத் தைத்த பொங்கல் பாவாடை இடப்பக்கம் இறங்கித் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. "ஏய்யா, கோணல் உம்ம கத்திரியிலயா, கண்ணுலயா?" என்று தையல்காரர் நைனா முகமதுவை அவள் பிடித்த பிடியில், பட்டன் வாங்க வந்தவர்கள்கூட நழுவிவிட்டார்கள்.

அவர் அளவு நோட்டைப் புரட்டினார். "தங்கச்சி, போன பொங்கலுக்கு ரெண்டு பக்கமும் சமம். ஆடியில அரை விரக்கடை எறங்குச்சு, மடிச்சுத் தச்சுக் குடுத்தேன். இப்ப ஒண்ணரை. துணியில குத்தமில்ல. புள்ள முதுகத் தடவிப் பாரு."

தடவிப் பார்த்தாள். முதுகெலும்பு வாய்க்கால் மாதிரி வளைந்து ஓடியது. இத்தனை நாளும் "நிமிந்து நில்லுடி சோம்பேறி" என்று அந்த முதுகில்தான் போட்டிருக்கிறாள் மகராசி.

மதராஸில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா என்று யோசித்தவரிடம், நைனா முகமது அளவு நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த தாளை நீட்டினாள் சண்முகவள்ளி.

"ஒரு வருஷத்துல இவ்வளவா? இனிமே காத்திருந்தா நெஞ்சை நெருக்கி மூச்சையே அடைச்சிடும்மா" என்றார் டாக்டர். கால் எலும்பில் சீவி எடுத்து முதுகெலும்போடு ஒட்டவைப்பார்களாம். ஒட்டிய இடம் அப்புறம் வளையாதாம். ஆனால் கால் இரண்டும் விளங்காமல் போகிற ஆபத்தும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். சம்மதத் தாளில் சண்முகவள்ளி கைநாட்டு வைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து பிள்ளை கண் விழித்தது.

"கால் வெரல ஆட்டு தாயி" என்றாள் அம்மாக்காரி.

போர்வைக்கடியில் பெருவிரல் அசைந்தது. சண்முகவள்ளி பக்கத்தில் நின்ற நர்ஸைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கழுத்திலிருந்து இடுப்புவரை ஒன்பது மாதம் மாவுக்கட்டு. அதைப் பிரித்து ஊர் திரும்பிய மறுநாளே, தன் தோட்டத்துக் கனகாம்பரம் ஒரு கூடையும் மகளுமாகத் தையல்கடைக்குப் போனாள்.

"அண்ணே, அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க. என் புள்ளயக் காப்பாத்துனதுல பாதி உங்க நோட்டு."

நைனா முகமது கண்ணைத் துடைத்துக்கொண்டு நாடாவை எடுத்தார். இரண்டு தரம் அளந்தார். "கால்வாசி விரக்கடை எறக்கம் இன்னும் இருக்கு தங்கச்சி. மடிச்சுத் தச்சா வெளிய தெரியாது."

"வேணாம்ணே, சமமாவே வெட்டுங்க. நாளைக்கு ஒரு நூல் எறங்குனாலும் எனக்குத் தெரியணும்." சொல்லிவிட்டுப் பழைய குரலை எடுத்தாள். "எறங்குச்சுன்னா சண்டைக்கு வருவேன், ஆமா."

"வா தங்கச்சி" என்றார் அவர். "இதே மாதிரி புள்ளய நடக்க வச்சே கூட்டிட்டு வா."