ஒரு சாண் தூரத்தில் ஒரு தோட்டா

இளவயதில் தான் சுட்ட தோட்டா தன்னையே தேடி வந்து சேர்ந்தபோது பட்டாளத்தாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை, கடைகள் திறந்த கொஞ்ச நேரத்தில், ஆள் நடக்கும் வேகத்தில், நெஞ்சு உயரத்தில் அது தெருவோடு வந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சை ஓரமாக இழுத்து வழிவிட்டார். மாவு மில்காரர், "பட்டாளத்தார்தானே? அடுத்த சந்து" என்று கை காட்டினார்.

சந்தில் அவருக்கும் மனைவிக்கும் தையல் கடை. அவள் தைப்பாள், அவர் இஸ்திரி போடுவார். முனையில் இருந்த கீறலை வைத்துத் தோட்டாவை அவர் அடையாளம் கண்டுகொண்டார். முதல் கொடியின் கீழ் இருந்தபோது, ஆற்றின் அக்கரையில் நின்ற நீலச் சீருடைக்காரர்களைக் குறிவைத்து அவர் சுட்டது. அடுத்த மழைக்காலத்தில் பிடிபட்டு, உயிர் பிழைக்க அதே நீலச் சீருடையைப் போட்டுக்கொண்டார். அந்த நாடு தோற்றதும் மூன்றாவது நாடு சோறு போட்டது. அதற்காக முதல் இரண்டு நாடுகளோடும் சண்டை போட்டார். மூன்று தேசங்களின் பாட்டும் அவருக்குப் பாதிப் பாதி தெரியும்.

தோட்டா இஸ்திரி மேசையைத் தாண்டி அவர் மார்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மனைவி ஓடிவந்து குறுக்கே நின்றாள். அது மரியாதையாக அவளைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம ஆளுதான்னு அதுகிட்ட சொல்லித் தொலைங்களேன்."

"எந்த நம்ம?" என்றார் அவர்.

கேலிக்குக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. முதல் படையின் சல்யூட்டை வைத்துப் பார்த்தார். தோட்டா ஒரு விரற்கடை பின்வாங்கியது. கையை இறக்கும்போது பழக்கதோஷத்தில் அது இரண்டாவது படையின் சல்யூட்டாகிவிட, தோட்டா சட்டைப் பொத்தானில் வந்து இடித்தது. மனைவி அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது யாருக்கும் சல்யூட் வைக்க வேணாம். சும்மா இருக்கட்டும்."

தோட்டா குழம்பிப் பழைய இடத்துக்கே போய் நின்றது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், சுட்டவரும் சாக வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்ததால் யார்மீது வழக்குப் போடுவது என்று புரியாமல், ஒரு சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து அவர் திரும்பினால் தோட்டாவும் திரும்பியது. துணி கொடுக்க வருபவர்கள் பக்கவாட்டில் நீட்டப் பழகிக்கொண்டார்கள். கொசு அதிகமானபோது மனைவி தாழ்வாகக் கட்டும் புதுக் கொசுவலை தைத்தாள். அவர் மல்லாந்து படுக்கும்போது தோட்டா நிற்கும் இடத்தை அளந்து, அங்கே ஒரு சின்ன ஓட்டை விட்டு, நூல் பிரியாமல் ஓரம் மடித்து அடித்தாள்.