தமிழ்ப் பேப்பர் நாங்களே பாக்கிறம்

கம்பனிக்கு ஒரு ஊடகக் கண்காணிப்புச் சேவையைத் தெரிவு செய்யச் சாம்பவிக்கு இரண்டு வாரம் எடுத்தது. அதில் பிழை விட அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறது தில்லைநாதனின் கம்பனி. தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல், மின்விசிறி, ரைஸ் குக்கர் எல்லாம் வெளிநாட்டிலிருந்து இறக்கி, தன் கம்பனிப் பெயரை ஒட்டி நாடெங்கும் விற்கிறவர். விளம்பரமும் வாடிக்கையாளர் முறைப்பாடுகளும் சாம்பவியின் தலையில். தன் சாமான்களைப் பற்றிப் பத்திரிகையில், டிவியில், ரேடியோவில், முகநூலில் யார் வாய் திறந்தாலும் மறுநாள் காலையில் அது தன் மேசைக்கு வரவேண்டும் என்று முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது.

மூன்று நிறுவனங்கள் வந்தன. சாம்பவி கெட்டிக்காரி, மூவருக்கும் ஒரே சோதனை வைத்தாள். போன மாதம் எங்கள் மின்விசிறியைப் பற்றி வந்ததையெல்லாம் தேடித் தாருங்கள் என்றாள். முதலாவது நிறுவனம் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டியது, மின்விசிறியைக் காணவில்லை. இரண்டாவதற்கு முகநூலைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த நுஸ்கி மட்டும் பதினொரு செய்திகளோடு வந்தான். சிங்கள ரேடியோவில் ஒரு நேயர் போகிற போக்கில் சொன்ன வசைகூட அதில் இருந்தது. அந்த இடத்திலேயே வேலை அவனுக்குத்தான் என்று ஆயிற்று.

"தமிழும் போடுவமா மிஸ்? எங்கட ஒபிஸ்ல ஷிம்னா எண்டு ஒரு புள்ள ஈக்கிது. வாசகர் கடிதம்கூட விடாம வாசிக்கும்" என்றான் நுஸ்கி.

சாம்பவி பக்கத்தில் இருந்த முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சாம்பவியைப் பார்த்தார். இரண்டு யாழ்ப்பாணத்தாருக்குத் தமிழ்ப் பேப்பர் வாசித்துக் காட்ட ஓர் ஆளா? இருவருக்கும் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தது மட்டும் அவள்.

"தமிழ்ப் பேப்பர் நாங்களே பாக்கிறம்தானே."

நுஸ்கி அதோடு விடவில்லை. மின்னஞ்சலிலும் ஒருமுறை கேட்டான். 'தமிழ் வேண்டாம்' என்று அவள் ஒரே வரியில் பதில் போட்டாள்.

ஐந்து மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தினமும் காலை ஆறரைக்கு அறிக்கை வந்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை அறிக்கையில் முதல்நாள் இரவுச் சிங்களச் செய்தி இருந்தது. கொலன்னாவையில் கனகேஸ்வரி என்ற பெண் கொதித்த கேத்தலைத் தூக்கியபோது கைபிடி கழன்றுவிட்டது. கையும் தோளும் வெந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கேத்தல் தில்லைநாதனுடையது. செய்தியின் கடைசி வரியைச் சாம்பவி இரண்டு தரம் வாசித்தாள். இதே கேத்தலைப் பற்றி மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் முறைப்பாடு வந்திருக்கிறதாம்.

எட்டு மணிக்குள் முதலாளி அழைத்துவிட்டார். "மூண்டு கிழமைக்கு முதல் பேப்பரில வந்திருக்குப் பிள்ளை! உவன் நுஸ்கி என்ன நித்திரையே? பத்து மணிக்கு வரச் சொல்லு. இண்டையோட உவன்ர வேலை சரி."

"ஓம் சேர்" என்றாள் சாம்பவி. சொல்லவேண்டியது முழுக்க அந்த 'ஓம் சேரு'க்குள் ஒளிந்துகொண்டது.

போனை வைத்தவள் நேரே வீட்டுப் பல்கனிக்குப் போனாள். பழைய பேப்பர்கள் அங்கேதான் அடுக்கிக் கிடந்தன. ஒருநாள் தவறாமல் வாங்குகிற வீடு அது. அம்மா மரண அறிவித்தலைத் திறப்பா, ஊரில் ஆர் போனதென்று பார்ப்பா, மடித்து வைப்பா. சாம்பவியும் அப்படித்தான், தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். பேப்பர் 'பார்த்தது' இவ்வளவுதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று வாரத்துக்கு முந்திய பேப்பரின் ஒன்பதாம் பக்கம் விரல் படாமல் புத்தம் புதிதாக இருந்தது. வாசகர் கடிதம், ஆறே வரி, தலைப்பில் அவர்களுடைய கேத்தலின் பெயர். 'தூக்கியதும் கைபிடி கழன்று கொதிநீர் காலில் கொட்டியது. கடையில் சொன்னேன், ஒருவரும் காது கொடுக்கவில்லை. கம்பனிக்காரர் இதை வாசித்தால், வேறு யாருக்கும் இப்படி நடக்காமல் பார்க்கவும். பழனியம்மா, கொட்டாஞ்சேனை.'

அவள் அந்தப் பேப்பரோடு தரையில் இருந்துவிட்டாள். அன்றைக்கே இதை வாசித்திருந்தால் அன்று மத்தியானமே கேத்தல்களைக் கடைகளிலிருந்து எடுத்திருக்கலாம். ரேடியோவிலும் டிவியிலும் பாவிக்க வேண்டாம் என்று அறிவித்திருக்கலாம். ஒரு மனுசியின் கை தப்பியிருக்கும். வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

பத்து மணிக்கு நுஸ்கி வந்தான். தில்லைநாதன் வாய்க்கு வந்தபடி ஏசினார். நுஸ்கியின் மடியிலேயே லப்டொப் இருந்தது. அந்த ஒரு வரி மின்னஞ்சலைத் திறந்து காட்ட ஒரு நிமிடம் போதும். அவன் திறக்கவில்லை, சாம்பவியை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பேசாமல் இருந்தால் இது இப்படியே போய்விடும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவள் பிறகு ஒருநாளும் தன்னை மன்னிக்கவில்லை.

"மன்னிச்சிக்கோங்க சேர்" என்றான் நுஸ்கி.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "சேர், தமிழ் வேண்டாமெண்டு எழுதினது நான். அவர் ரெண்டு தரம் கேட்டவர்."

தில்லைநாதன் காற்றுப் போன மாதிரிக் கதிரையில் சாய்ந்தார். ஏசுவார், வேலையை விட்டுப் போ என்பார் என்று சாம்பவி காத்திருந்தாள். "அண்டைக்கு நானும் பக்கத்தில இருந்தனான்தானே" என்றார் அவர் மெல்ல. பிறகு போனை எடுத்து, எல்லாக் கடைகளிலிருந்தும் அந்தக் கேத்தலை எடுக்கச் சொன்னார். நுஸ்கி எழுந்து போகும்போது, "தமிழ இண்டைக்கே சேத்துடுறேன் மிஸ்" என்று மட்டும் சொன்னான்.

பின்னேரம் அவள் களுபோவிலவுக்கு பஸ் எடுத்தாள். கனகேஸ்வரியின் வலது கை மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெள்ளைத் துணிக் கட்டு. கம்பனியிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, கட்டிலருகே நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். மின்னஞ்சலை, ஒன்பதாம் பக்கத்தை, மரண அறிவித்தலை, ஒன்றையும் மறைக்கவில்லை. நல்லாய் ஏசட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"எந்தப் பேப்பர் பிள்ளை?" என்று கேட்டா கனகேஸ்வரி. சாம்பவி பெயரைச் சொன்னாள்.

"ஐயோ, அது எங்கட வீட்டையும் வாறதெல்லே! நானும் ஆர் செத்ததெண்டு பாத்திட்டு மடிச்சு வைக்கிறதுதான். என்ர பிழையும் இருக்கு."

"இல்லை அன்ரி, உங்கட பிழை ஒண்டும் இல்லை. அதை வாசிக்கிறது என்ர வேலை" என்றாள் சாம்பவி.

கனகேஸ்வரி இடது கையால் அவளுடைய விரல்களைப் பிடித்துக்கொண்டா. சற்று யோசித்துவிட்டுக் கேட்டா: "அந்த முதல் மனுசிக்கு, அந்தக் கடிதம் எழுதினவவுக்கு, கால் இப்ப எப்பிடியாம்?"

சாம்பவிக்குத் தெரியவில்லை. கடிதத்தைக் காலையிலிருந்து எத்தனையோ தரம் வாசித்திருந்தாள். அந்த மனுசியின் காலைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒருதரமும் தோன்றவில்லை.