கவருக்குள் துணிப்பை

என் கொழுந்தன் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு மேனேஜர். குடித்த டம்ளரைக் கழுவி வைக்கத் துப்பில்லாத மனுஷன் உலகத்தைச் சுத்தம் செய்யக் கிளம்பினார் என்றால் நம்ப முடிகிறதா? நான் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, அடுத்த மாதத்திலிருந்து கடையில் பிளாஸ்டிக் கவரே கிடையாது, துணிப்பைதான் விற்கப்போகிறோம், அதை அண்ணிதான் தைத்துத் தர வேண்டும் என்றார். மாதாமாதம் தைக்க வேண்டியிருக்குமாம், வேறு வேலைக்கு நேரமே இருக்காதாம். நான் அப்போது சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து குனிந்து என் கழுத்தே போய்விட்டிருந்தது. வீட்டிலேயே, சொந்த மிஷினில் வேலை என்றதும் முன்பின் யோசிக்காமல் கம்பெனி வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும், அவன் பேச்சை நம்பியா என்று இழுத்தார். தம்பியைப் பற்றி அண்ணனுக்குத் தெரியாதா? நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைகளில் விற்கிற துணிப்பையைப் பார்த்திருப்பீர்கள். உருளைக்கிழங்கைப் போட்டுத் தூக்கினால் பிடி மட்டும் கையோடு வரும். அப்புறம் யார் அதை மறுபடி கடைக்கு எடுத்துப்போவார்கள்? நான் பிடியை வாயோடு நிறுத்தவில்லை. கீழே இறக்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏற்றித் தைத்தேன். முதல் பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக் கதவுக் கொக்கியில் மாட்டிப் பார்த்தேன். கொக்கி வளைந்துவிட்டது, பை அப்படியே இருந்தது. புதுக் கொக்கியை உன் கொழுந்தனையே வாங்கித் தரச் சொல் என்றார் வீட்டுக்காரர்.

விற்பனை தொடங்கிய அன்று நல்லதாக உடுத்திக்கொண்டு நானும் கடைக்குப் போனேன். என் தோளில் நான் தைத்த பைதான் தொங்கியது. வாசலில் செக்யூரிட்டி அதைக் கேட்டு வாங்கினார். புத்தம்புதிய பிளாஸ்டிக் கவர் ஒன்றை உருவி, என் பையை அதற்குள் திணித்து, வாயை மிஷினில் வைத்து ஒட்டிக் கையில் கொடுத்தார். வெளியிலிருந்து கொண்டுவரும் பை எதுவானாலும் இப்படித்தானாம், திருட்டு நடக்காமல் இருக்கவாம். அவர் தலைக்கு மேலே ‘இது பிளாஸ்டிக் இல்லாத கடை’ என்று எழுதியிருந்தது. அந்த பேனரே பிளாஸ்டிக் என்பதை விடுங்கள்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். உள்ளே நான் தைத்த பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பையும் தனித்தனியாக ஒரு பளபளக்கும் கவருக்குள். கவரின் மேல் ‘பூமியைக் காப்போம்’ என்று ஒரு ஸ்டிக்கர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பில் போடும் பெண் பையை எடுத்தாள், கவரைக் கிழித்தாள், கூடையில் போட்டாள். கூடை நிரம்பி வழிந்ததும் காலால் மிதித்து அமுக்கினாள். பழைய கவராவது வீட்டுக்கு வந்து, நாலு நாள் வெங்காயம் தாங்கி, கடைசியில் குப்பையைக் கட்டவாவது உதவும். இது பிறந்த இடத்திலேயே குப்பை. கவர் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு கவரா? என்ன அக்கிரமம் இது!

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்துப் பையை வெளியே எடுக்க ஆரம்பித்தேன். கொழுந்தன் ஓடி வந்தார். சுற்றிலும் ஆள் நின்றதால் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தார்.

"அண்ணி, இது வீடு இல்ல. கவர்ல இருந்தாதான் புதுசுன்னு ஜனங்க நம்புவாங்க."

நான் கிழித்து வைத்த பையை ஒரு அம்மாள் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, யாரோ உபயோகித்த மாதிரி இருக்கிறதே, கவரில் இருப்பதைக் கொடுங்கள் என்று கேட்டார். கொழுந்தன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார், அடுத்த மாதத்துக்கான துணியோடு. கூடவே ஒரு பெட்டி நிறைய கவர். இனி தைத்த கையோடு மடித்துக் கவரில் போட்டு ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்துவிட வேண்டுமாம். மேலிடத்து உத்தரவாம். முடியாது என்றால் தைக்க வேறு ஆள் தயாராக இருக்கிறதாம்.

எனக்கு வேறு வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும். என்னைக் கம்பெனி வேலையை விட வைத்ததே அவர்தானே.

"தம்பி, பையை நான் தைக்கிறேன். அதுக்குக் கவர் போட என் கை வராது."

"நல்லா யோசிச்சுக்குங்க அண்ணி. கோபத்துல சோறு வேகாது."

"காப்பியக் குடிச்சிட்டுத் துணிய எடுத்துட்டுப் போங்க."

அவர் எழுந்திருக்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எப்போதும் இந்த மாதிரி நேரத்தில் பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொள்கிறவர். அன்று எழுந்து, துணிக்கட்டைத் தோளில் போட்டு, கவர் பெட்டியை இடுக்கிக்கொண்டு, தம்பியின் வண்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அவர் மேல் எனக்கிருந்த பழைய கோபமெல்லாம் அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது.

திங்கட்கிழமை சட்டைக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். "என்னக்கா, பை முதலாளி ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டோமே" என்று கேலி செய்தார். காலர் மிஷினுக்கு ஆள் போட்டாகிவிட்டது என்றும் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது என்றும் சொல்லி, ஹாலின் கோடிக்குக் கூட்டிப்போனார்.

நீளமான மேஜை. ஒரு பக்கம் இஸ்திரி போட்ட சட்டைகள், மறுபக்கம் கட்டுக் கட்டாகக் கவர்.

"சட்டைய மடிச்சு உள்ள விட்டு ஒட்டணும், அவ்வளவுதான். கழுத்து வலிக்காது பாருங்க" என்றார்.

கவர் போடாமல் கொடுத்தால் சட்டை சட்டையாக இருக்காதா என்று கேட்டேன். நான் ஏதோ ஜோக் சொன்னதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டு வாடகையை நினைத்து உட்கார்ந்தேன். முதல் சட்டையை எடுத்து, மடித்து, கவருக்குள் விட்டேன். வராது என்று சொன்ன அதே கைதான். வாயை ஒட்டினேன். அடுத்த சட்டையை எடுத்தேன்.